மென்பொருள் தொழிலும் நம் இளைஞரும்
(கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், அத்தொழிலைப் பற்றி இளைஞர்க்குப் பயன்படும் செய்திகளை இவ்வரங்கிலே கூறவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஊக்கமூட்டும் சொற்பொழிவுகளை நீங்கள் நிரம்பக் கேட்டிருக்கிறீர்கள். முயன்றால் முடியாதது இல்லை என்று முழங்கிவிட்டு, மாலையைப் பெற்றுக்கொண்டு மேடையை விட்டு இறங்குவது எளிது. அதனை விடுத்து, நாள்தோறும் நாம் கையாளும் வேலையைப் பற்றியே, அதன் நெளிவு சுளிவுகளைப் பற்றியே பேசுவோம்.

நம் கழகம் தோன்றிய காலமும், இந்நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் ஆலைகள் எழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கின்ற ஒரகடத்திலே, 2010-இல் ரெனோ – நிசான், 2012-இல் டைம்லர் கனரக வண்டி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றிலெல்லாம் நம் பிள்ளைகள் பலர் பயிற்சித் தொழிலாளராகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் உழைக்கின்றனர். வெல்டிங் பொறியின் பொறி பறப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கன்வேயர் ஓடுவது தெரிகிறது. ஆனால் எந்த வண்டிக்கு எந்தக் கதவு, எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பனவற்றை முடிவு செய்கிற ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுவே மென்பொருள். அதனை எழுதுபவரும் மனிதரே. அவர் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுதிய ஒரு வரி, இங்கே ஒருவருடைய ஒருநாள் கூலியைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நாம் நேரில் அறிந்த நிகழ்ச்சி இது; ஆலையின் பெயர் வேண்டா. அங்கே இரவு ஷிப்டு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும். அட்டையைக் காட்டி உள்ளே செல்வதும் வெளியே வருவதும் கணினியில் பதிவாகும். வருகைப் பதிவுக்கான நிரலை எழுதியவர், ஒரு தேதியின் முதற் பதிவை வருகை என்றும், அத்தேதியின் கடைசிப் பதிவை வெளியேற்றம் என்றும் கொண்டார். பகலில் வேலை செய்பவர்க்கு இது முற்றிலும் சரி. இரவில் வேலை செய்பவர்க்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். திங்கள் இரவு பத்து மணிக்கு ஒருவர் உள்ளே போகிறார். அந்தத் தேதியில் ஒரே பதிவுதான் இருக்கிறது, வெளியேற்றம் இல்லை, ஆகவே திங்கள் அவர் ‘வரவில்லை’. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறார். இரவு பத்து மணிக்கு மறுபடி உள்ளே போகிறார். கணினி, ஆறு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போனார், பதினாறு மணி நேரம் என்று கணக்கிடுகிறது. ஷிப்டின் அளவு எட்டு மணி என்பதால் மீதியை வெட்டிவிட்டு ஒருநாள் என்று எழுதுகிறது. சனிக்கிழமை வரையில் இப்படியே. சனி இரவு சென்று ஞாயிறு காலை வெளியே வந்தால், ஞாயிறு வார விடுமுறை. அந்தப் பதிவைக் கணினி கண்டுகொள்வதே இல்லை. கூட்டிப் பாருங்கள்: உழைத்தவை ஆறு இரவுகள், கூலி ஐந்து நாளுக்கு.

யாரும் வஞ்சகமாக எழுதிய நிரல் அன்று அது. எழுதியவர்க்கு நள்ளிரவைக் கடந்து வேலை செய்கின்ற மனிதர் ஒருவர் மனக்கண்ணில் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் தொழிலாளர் சென்று கேட்டபோது கிடைத்த விடை என்ன? “கம்ப்யூட்டரில் அப்படித்தான் காட்டுகிறது.” மேற்பார்வையாளர் சொன்னார், ஒப்பந்தக்காரரும் அதையே சொன்னார். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒரு பெண், பள்ளிக் காலத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்றில், தாம் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஒரு மாதம் முழுவதும் எழுதி வைத்தார். அந்த நோட்டையும் கணினியின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பதிவான நேரங்கள் எல்லாம் சரியாகவே இருப்பதும், அவற்றை நாளாக மாற்றும் இடத்தில் பிழை இருப்பதும் வெளிப்பட்டன. திருத்தம் சிறியது. தேதியைக் கொண்டு பிரிப்பதற்குப் பதிலாக, ஷிப்டு தொடங்கிய நாளோடு வெளியேற்றத்தைச் சேர்த்துக் கணக்கிடச் செய்ததும் ஆறு இரவும் ஆறாயின.

பெரிய தேசங்களிலும் இதே கதைதான். பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களின் கணக்கைப் பார்க்க ‘ஹொரைசன்’ என்னும் மென்பொருள் 1999 முதல் நடைமுறைக்கு வந்தது. புஜிட்சு நிறுவனம் அளித்தது. அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டிற்று. சிற்றூர்களில் அஞ்சல் நிலையம் நடத்தியவர்கள் பணத்தைத் திருடினர் என்று வழக்குத் தொடர்ந்தனர். 2015 வரையிலும் 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சிறை சென்றவர் உண்டு. வீட்டை விற்றவர் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. “வேறு எவரும் இப்படி முறையிடவில்லையே” என்று அவர்களில் பலரிடம் தனித்தனியே கூறப்பட்டது. ஆலன் பேட்ஸ் என்பவர் அவர்களை ஒன்றுதிரட்டி வழக்காடினார். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது. வெள்ளைக்கார நாட்டிலேயே இந்த நிலை என்றால், சொல்லுக்கு மதிப்பில்லாமல் வைக்கப்பட்ட மக்களின் நிலை என்னவாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வேலை நேரம் என்பது நமக்கு வெறும் கணக்கும் அன்று. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார்கள். 1946-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தில் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு வந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்று வகுத்தது. தமிழகத்தில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தந்த ஒரு திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டதையும் அறிவீர்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை நாள்தோறும் நிறைவேற்றுவதோ, மேற்கண்ட நிரல். ‘ஓ.டி.’ எத்தனை நிமிடத்திலிருந்து கணக்காகும், பேருந்து தாமதித்ததால் ஐந்து நிமிடம் பிந்தி வந்தவர்க்கு அரைநாள் வெட்டா, கால்மணி வெட்டா என்பன அதில் ஒரு வரி. அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர் நம் தெருவில் ஒருவராவது இருக்கவேண்டாவா?

இனி, பெயரைப் பற்றி ஒரு செய்தி. இளைஞர்களே, இணையத்தில் எந்த விண்ணப்பத்தை நிரப்பப் போனாலும் ‘முதற்பெயர்’, ‘கடைப்பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் நிற்கும். கடைப்பெயரை நிரப்பாமல் மேலே போக முடியாது. நம்மில் பலர் அந்த இடத்திலே திகைத்து நின்றிருக்கிறோம். தலைப்பெழுத்தும் பெயரும் வைத்துக்கொள்வது நம் வழக்கம். இது தற்செயலாக வந்ததும் அன்று. 1929 பிப்ரவரியில் நம் பழைய மாவட்டத்துச் செங்கற்பட்டிலேதான் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று அங்கே தீர்மானம் செய்தார்கள். அந்தத் தீர்மானத்தின் பின்னே வந்த தலைமுறைகள் நாம். அவர்கள் மேடை போட்டு அகற்றியதை, எங்கோ ஒருவர் போட்ட ஒரு கட்டாயக் கட்டம் பின்வாசல் வழியாகக் கேட்கிறது! சிலர் தந்தை பெயரை இடுகின்றனர். சிலர் ஓர் எழுத்தை இடுகின்றனர். அந்த எழுத்தை ‘செல்லாது’ என்று கணினி தள்ளிவிடுகிறது. கல்விச் சான்றிதழில் ஒரு பெயர், வேலைப் பதிவில் ஒரு பெயர், வைப்பு நிதிக் கணக்கில் ஒரு பெயர் என்று ஆகி, பணத்தை எடுக்கும் நாளில் அலைகின்றனர்.

நீங்கள் நிரல் எழுதும் நாள் வரும்போது, பெயருக்கு ஒரே ஒரு கட்டம் வையுங்கள். முழுப்பெயரையும் அவரவர் எழுதுகிறபடியே வாங்கிக்கொள்ளுங்கள். மேலதிகாரி காரணம் கேட்டால், செங்கற்பட்டு மாநாட்டை எடுத்துரைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பிழையில்லாப் பதிவு கிடைக்க இதுவே வழி என்று கூறினாற் போதும்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவோம். தமிழில் பெயரை எழுத இடந்தரும் மென்பொருள்களிலும் ஒரு பொறி உண்டு. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யுனிகோடு முறையில் மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு. ‘ஸ்ரீ’ மட்டுமே நான்கு. ஆக மொத்தம் 16 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆகவே 48 பைட்டு. ஊர்ப் பெயருக்கு 20 பைட்டு போதும் என்று ஒருவர் வரம்பு வைத்தால், ‘ஸ்ரீபெ’ என்று நின்று, அதன்பின் ஒரு கறுப்புக் கட்டம் தோன்றும். முகவரி அட்டைகளில் அறுபட்ட ஊர்ப் பெயர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நூறு ரூபாய்ச் சில்லறை வேலை என்று எண்ணாமல் தமிழில் சோதித்துப் பார்ப்பவர், தமிழறிந்த நிரலாளர் அல்லாமல் வேறு யார்?

இப்போது தொழிற்பழக்கங்களுக்கு வருவோம். ‘கோடிங்’ என்று நீங்கள் சொல்கிற அந்த வேலையில், எழுதுவது சிறு பகுதி. பிறர் எழுதியதைப் படிப்பதும், ஏன் ஓடவில்லை என்று தேடுவதுமே பெரும்பகுதி. ஆகையால் முதற்கண் பழகவேண்டியது, பிழைச் செய்தியை முழுமையாகப் படிப்பது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் பத்து வரி வந்தவுடன் பதறித் திரையை மூடிவிடுகிற பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பத்து வரியில் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன குறை என்று அது தானே சொல்லிக்கொண்டிருக்கும். கோபித்துக்கொள்ளும் மாமியார் போன்றது அது. சொல்வது கசக்கும், பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

அடுத்தது, பாதியாக்கித் தேடுவது. ஆயிரம் வரிகளில் எங்கோ பிழை என்றால் முதல் வரியிலிருந்து தேடவேண்டா. நடுவில் நிறுத்திப் பாருங்கள். அதுவரையில் சரி என்றால் பிழை பின்பாதியில். மறுபடி அதன் நடுவில். பத்தே சோதனையில் ஆயிரம் வரியும் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். ஆலையில் வயரிங் பார்ப்பவர்கள் இதனை முன்பே அறிவார்கள். விளக்கு எரியவில்லை என்றால் அவர்கள் சுவிட்சிலிருந்து தொடங்காமல் நடுச்சந்தியில்தான் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் லைனில் கற்ற இந்த அறிவை, மென்பொருளுக்கு வந்ததும் தாழ்ந்ததாகக் கருதி உதறிவிடாதீர்கள்.

ஒரே சமயத்தில் ஒரு மாற்றமே செய்யுங்கள். செய்ததைச் சோதியுங்கள். சோதித்ததைப் பதிவு செய்யுங்கள். இதற்கென்றே ‘கிட்’ என்னும் கருவி இருக்கிறது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் செய்தது, இலவசம். எந்த நாளில் எந்த வரியை யார், ஏன் மாற்றினார் என்பது அதில் நிற்கும். ‘ஏன்’ என்பதை எழுதும் இடத்தில் ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதாமல், “இரவு ஷிப்டில் முதல்நாள் விடுபட்டது, சரிசெய்யப்பட்டது” என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப் போகிறவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

ஆலைகளுக்கு மென்பொருள் எழுதுவோர்க்கு மற்றொன்று மிக இன்றியமையாதது: லைனுக்குப் போய் நின்று பார்ப்பது. அலுவலக மேசையில் அழகாக இருக்கின்ற சிறிய பொத்தானைக் கையுறை அணிந்த விரலால் அழுத்த முடியாது. ஆறடி தூரத்தில் நிற்பவர்க்கு அந்த எழுத்து தெரியாது. இரைச்சலில் ‘பீப்’ ஒலி கேட்காது. பச்சைக்கும் சிவப்புக்கும் வேறுபாடு காண இயலாத கண்ணுடையோர் உண்டு. நிறத்தோடு ஒரு சொல்லும் இருக்கவேண்டும். ஸ்கேனரை அழுத்தியும் ஒலி வரவில்லை என்று தொழிலாளி இருமுறை அழுத்துவார். நிரல் அதனை இரண்டு பொருளாக எண்ணிவிடக்கூடாது. ஒரே பார்கோடு இரண்டாம் முறை வந்தால் ‘முன்பே வந்தது’ என்று அறிந்து அமைதியாக ஏற்கவேண்டும். வலைத்தொடர்பு அறுந்தால் லைன் நிற்காமல், பதிவுகளை அந்தந்த இடத்திலே தேக்கி வைத்துத் தொடர்பு வந்தபின் அனுப்பவேண்டும். இரு பொறிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று மூன்று நிமிடம் விலகி நின்றால், கதவு பொருத்துமுன்னே வண்டி சாயம் பூசி முடிந்ததா பின்னே முடிந்ததா என்று குழம்பும். இவற்றையெல்லாம் கல்லூரிப் புத்தகம் சொல்வதில்லை. இரண்டாண்டு கன்வேயர் அருகே நின்றவன் கேட்காமலே அறிவான்.

ஆதலினாலே நாம் துணிந்து கூறுகிறோம்: லைனில் வேலை பார்க்கும் இளைஞன் மென்பொருளுக்கு வருவது பூச்சியத்திலிருந்து தொடங்குவது ஆகாது. அவன் கையில் பாதிச் சரக்கு முன்பே இருக்கிறது. ஆலைப் பொறிகளை இயக்கும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியின் நிரல், ஏணிப்படி போல வரையும் படமாகவே இருக்கும், ஐ.டி.ஐ.யில் மின்சுற்றுப் படம் படித்தவர்க்கு அது பழகிய முகம். ஒரகடம் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் 2023-இல் புதிய தொழில்நுட்ப மையம் திறந்தார்கள்; டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மாநிலத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.களை அவ்வாறு புதுப்பிக்கும் திட்டத்தில் அதுவும் ஒன்று. நம் வீட்டு வாசலில் இருக்கும் அந்த மையத்தை நம் பிள்ளைகள் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

கற்கும் வழிகள் பல. கணியம் என்னும் அமைப்பினர் லினக்ஸ், பைத்தான் முதலியன பற்றித் தமிழிலே நூல்கள் எழுதி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டெல். தளத்தில் இலவசம். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வு வேண்டா, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், பட்டியலினத்தார்க்குக் கட்டணச் சலுகை உண்டு. பட்டமே இல்லாத பள்ளி மாணவரை எடுத்துப் பயிற்றி வேலை தருகின்ற முறையை ஸோஹோ நிறுவனம் 2000-களின் நடுவிலிருந்தே நடத்தி வருகிறது. தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளையும், அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தையும் கேட்டறியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னே, பழைய மடிக்கணினி ஒன்று வேண்டும். கைப்பேசியில் படம் பார்த்துக் கற்பது நீந்தும் படத்தைப் பார்த்து நீந்துவது போன்றதே.

ஓர் எச்சரிக்கை. “ஐ.டி.யில் வேலை வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று வருபவர்க்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தாலியை அடகு வைத்துக் கொடுத்த தாய்மாரை நாம் அறிவோம். வேலை தருகிற நிறுவனம் வேலை பெறுபவனிடம் பணம் கேட்பதில்லை.

ஆங்கிலத்துக்கு அஞ்சுவோர் பலர். மென்பொருளுக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு, மேடையில் பேசும் ஆங்கிலம் வேறு. முன்னது சில நூறு சொற்கள். அவையும் திரும்பத் திரும்ப வருபவை. ஐந்து வரியில் தெளிவாக ஒரு மின்னஞ்சல் எழுதத் தெரிந்தால் பாதிக் கடலைக் கடந்தாயிற்று. என்ன செய்ய முயன்றேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, இதுவரை என்னென்ன பார்த்தேன் என்ற நான்கையும் எழுதிக் கேட்டால் எவரும் விடை தருவார். “ஓடவில்லை, உதவுங்கள்” என்று கேட்டால் விடை வாராது. அதற்கு உங்கள் பிறப்பைக் காரணமாகக் கருதிக் குமையவும் வேண்டா.

பிறப்பைக் காரணமாக்குவோர் இல்லை என்று இதற்குப் பொருள் அன்று. இத்தொழிலில் சாதி இல்லை, தகுதி மட்டுமே உண்டு என்று பலர் மேடையில் கூறுவர். 2020 ஜூனில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசுத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அங்கே பணியாற்றிய தலித் பொறியாளர் ஒருவர் சாதியின் பெயரால் நடத்தப்பட்டார் என்பது அதன் சாரம். தனிமனிதர் இருவர் மீதிருந்த வழக்கை 2023-இல் அத்துறை விலக்கிக்கொண்டது; நிறுவனத்தின் மீதானதை விடவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. அக்டோபரில் கலிபோர்னிய ஆளுநர் தம் மாநிலத்துக்கான அத்தகைய மசோதாவை மறுத்துவிட்டார். கடல் கடந்தும் போகாத சாதி, தரமணியிலும் சிறுசேரியிலும் காவலாளியிடம் அடையாள அட்டை காட்டி வெளியே நின்றுவிடுமா? தோளைத் தடவிப் பார்ப்பவர், ஊரைக் கேட்டு, ஊரில் எந்தத் தெரு என்று கேட்பவர் இங்கும் உண்டு. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. எனவே வேலைக்கான சான்றுகளை எழுத்தில் வைத்திருங்கள். யார் என்ன பணித்தார், நீங்கள் எந்நாளில் முடித்தீர்கள், என்ன பாராட்டு வந்தது என்பவற்றை மின்னஞ்சலில் நிறுத்துங்கள். முன்சொன்ன ‘கிட்’ பதிவில் உங்கள் பெயரோடு நிற்கும் வேலையை எவரும் தம்முடையது என்று கூறிவிட முடியாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி நிரல் எழுத ஆள் வேண்டுமா என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். நல்ல கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இத்தொழில் மாறித்தான் வருகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. மென்பொருள் படித்தால் வாழ்நாள் முழுவதும் கவலையில்லை என்று உங்களிடம் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆலை வேலையும் அப்படி உறுதி தந்ததில்லை. ஆயிரக்கணக்கான நம் பெண்கள் நம்பியிருந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாளோடு மூடப்பட்டதை நாம் கண்டோம். ஒரு கைப்பேசியின் ஒரு திருகை ஒரு நாளில் ஆயிரம் முறை திருகக் கற்றவர்க்கு அந்த ஆலைக்கு வெளியே அந்தத் திறமைக்கு விலையில்லாமற் போயிற்று. அதுபோலவே, ஒரு சட்டகத்தின் ஒரு மூலையை மட்டும் மனப்பாடம் செய்தவனை இயந்திரம் எளிதில் அகற்றிவிடும்.

அந்தக் கருவிகளை நாமும் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஊதியம் கேட்காத உதவியாளைப் போலப் பயன்படுகின்றன. கூச்சப்படாமல் நூறு முறை ஒரே ஐயத்தைக் கேட்கலாம். நம் பிள்ளைகளுக்கு, “இதுகூடத் தெரியாதா” என்று ஏளனம் செய்யாத ஆசிரியர் கிடைப்பது சிறிய பேறன்று. ஆனால் அது தவற்றையும் அதே உறுதியான குரலில் சொல்லும். வருகைப் பதிவு நிரல் எழுதித் தா என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தரும். அதில் இரவு ஷிப்டு சரியாக வருகிறதா என்று சோதிக்க வேண்டும் என்பதைக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். திங்கள் இரவு பத்து, செவ்வாய் காலை ஆறு என்று கொடுத்துப் பாருங்கள். மாதக் கடைசி இரவைக் கொடுத்துப் பாருங்கள். பிப்ரவரி 29-ஐக் கொடுத்துப் பாருங்கள். அட்டை காட்ட மறந்தவரைக் கொடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் இரகசிய நிரலையும் பிறர் சம்பளப் பட்டியலையும் மட்டும் அதில் கொட்டாதீர்கள், வேலை போகும்.

பெரியோர்களுக்கும் ஒரு சொல். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் விளைவாகவே, 1892-இல் அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்தப் பஞ்சமி நிலங்களின் வரலாறு உங்களுக்குத் தெரியும். இன்று பட்டாவும் சிட்டாவும் கணினியில் இருக்கின்றன. வில்லங்கச் சான்றையும் இணையத்தில் பார்க்கலாம். கணினிக்குள் தவறாக ஏறிய பெயர் காலம் செல்லச் செல்ல உண்மை போலவே நின்றுவிடும். ஆகையால் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளையிடம், படம் போடச் சொல்வதற்கு முன்பு, உங்கள் சர்வே எண்ணைக் கொடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிழையிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, தேதியிட்டு வையுங்கள்.

நம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். அச்சுக்கூடம் பிறர் கையில் இருந்த நாளில் தாமே எழுத்துக் கோத்தவர்கள் அவர்கள். இதற்கு மேல் அதனை விளக்கினால் செயலாளர் மணியடிப்பார்.

வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்குக் கழகக் கட்டடத்தின் மாடியில் இருப்போம். இரவு ஷிப்டு உள்ளவர்கள் உறங்கி எழுந்து மாலை நான்கு மணிக்கு வரலாம். இரண்டு வேளையும் ஒரே பாடம்தான். பழைய மடிக்கணினி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். உடைந்திருந்தாலும் கொண்டு வாருங்கள், லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். இல்லாதவர்கள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, இன்று முதல் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த நேரங்களைக் கூட்டி மாதச் சம்பளத்தைக் கணக்கிடும் நிரலே நம் முதற்பாடம். விடை சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.